வீட்டில் எல்லோரும் எடுக்கும் போனில் கவுன்சலிங் ஆப்: வடிவமைப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

நெல்லை_டெவ்:

வணக்கம் நண்பர்களே. நாலு பேர் சேர்ந்து ஆன்லைன் மனநல ஆலோசனைக்கு ஒரு ஆப் செய்துகொண்டிருக்கிறோம். முதலில் ஆண்ட்ராய்டு, பிளட்டர் என்ற ஆப் உருவாக்கும் கருவியில். ஆறு உளவியலாளர்கள், ஒரு மனநல மருத்துவர். 45 நிமிட வீடியோ சந்திப்பு, நேரம் பதிவு, யுபிஐ கட்டணம், இரண்டு சந்திப்புக்கு நடுவே சாட், தினசரி மனநிலைக் குறிப்பு, மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 கேள்வித்தாள். பயன்படுத்தப்போவது பெரும்பாலும் தென்மாவட்டச் சின்ன ஊர்க்காரர்கள்.

கணக்குத் தொடங்க இப்போது 14 ஸ்கிரீன் இருக்கிறது, எதை வெட்டலாம்? ஒரே போனை வீட்டில் மூணு பேர் எடுத்தால் ரகசியத்தை எப்படிக் காப்பது? சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் வீடியோவை எப்படித் தாக்குப்பிடிக்க வைப்பது? நள்ளிரவில் சாட்டில் ஒருவர் 'வாழப் பிடிக்கல' என்று எழுதினால் ஆப் என்ன செய்ய வேண்டும்? கடைசிக் கேள்விதான் எங்களுக்குப் பெரிய பயம்.

கனி_யூஎக்ஸ்:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்ற முடிவுகள் பாதி அதிலிருந்துதான் வரும். உங்கள் பயனர் முதலில் பயப்படுவது ஹேக்கருக்கு அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பவருக்கு.

'உங்கள் மனநல ஆலோசகர் 6 மணிக்குக் காத்திருப்பார்' என்று லாக் ஸ்கிரீனில் ஒரு தடவை வந்தால் போதும், அன்றைக்கே ஆப்பை அழித்துவிடுவார்கள். 'மாலை 6 மணி, ஒரு நினைவூட்டல்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். புஷ் பேலோடில், அதாவது நோட்டிஃபிகேஷனோடு போகும் தரவில், ஐடி மட்டும் போகட்டும். பெயரும் செய்தியும் ஆப்பைத் திறந்து பின் நம்பர் போட்ட பிறகு சர்வரிலிருந்து வரட்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷனுக்கே அனுமதி கேட்க வேண்டும். அதை ஆப் திறந்ததும் கேட்டால் மறுத்துவிடுவார்கள். நேரம் பதிவு செய்து முடித்த அந்த நொடியில் 'நினைவூட்டட்டுமா?' என்று கேளுங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் பணம். கட்டியதும் வங்கி எஸ்எம்எஸ்ஸிலும் யுபிஐ ஹிஸ்டரியிலும் உங்கள் வணிகப் பெயர் வந்து நிற்கும். கணக்கு அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்கலாம். 'மைண்ட்', 'தெரபி' போன்ற சொல் இல்லாத பெயராகப் பேமெண்ட் கேட்வேயில் பதிவு செய்யுங்கள். 'பணம் செலுத்து' பட்டனுக்கு மேலேயே, ஸ்டேட்மெண்டில் எந்தப் பெயர் வருமோ அதை எழுத்து மாறாமல் காட்டுங்கள். ஐகானுக்கும் இதே விதி: மூளை வேண்டாம், தலையில் கை வைத்து உட்கார்ந்த பெண் வேண்டாம்.

கோடில் மூன்று விஷயம். ஃப்ளாக் செக்யூர் என்ற ஆண்ட்ராய்டு அமைப்பைப் போட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது, ரீசன்ட் ஆப்ஸ் பட்டியலிலும் திரை தெரியாது. ஐபோனில் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்க முடியாது, பின்னால் போகும்போது திரையை மூடலாம், அவ்வளவுதான். அலவ் பேக்கப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள், ஆப் தரவு கூகுள் பேக்கப்புக்குப் போகாது. மூன்றாவது கீபோர்டு. மனநிலைக் குறிப்பில் எழுதிய சொல் நாளைக்கு வாட்ஸ்ஆப்பில் அக்கா டைப் செய்யும்போது பரிந்துரையாக வந்து நிற்கும். பிளட்டர் டெக்ஸ்ட்ஃபீல்டில் 'எனேபிள் ஐஎம்இ பெர்சனலைஸ்டு லேர்னிங்' என்ற ஒரு வரியை ஃபால்ஸ் ஆக்கினால், கற்றுக்கொள்ள வேண்டாம் என்று கீபோர்டுக்குச் சொல்லிவிடும். எல்லா கீபோர்டும் கேட்கும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனாலும் போடுங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது அறைக்குள் வந்தால்? கட்டைவிரல் எட்டும் இடத்தில் ஒரே பட்டன். தட்டியதும் வீடியோவும் ஒலியும் நிற்க வேண்டும், திரையில் சாதாரணப் பக்கம் ஒன்று வர வேண்டும், ஆலோசகருக்கு 'யாரோ வந்திருக்கிறார்கள், சாட்டில் காத்திருங்கள்' என்று போக வேண்டும். 'உறுதியாகவா?' என்று திரும்பக் கேட்கும் பெட்டி இந்தப் பட்டனில் வேண்டவே வேண்டாம்.

14 ஸ்கிரீனுக்கு வருவோம். நேரம் பதிவு செய்ய வேண்டியது போன் நம்பர், ஓடிபி, வயது, மொழி, எப்படிக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும். நான்கு ஸ்கிரீனில் முடியும். பிஎச்கியூ-9ஐ முதல் சந்திப்புக்கு முந்தைய நாள் தனியாக அனுப்பலாம். முகவரியும் அவசரத் தொடர்பும் சந்திப்பு தொடங்கும் முன் கட்டாயம். ஆனால் அவசரத் தொடர்புக்கு 'கணவர் / தந்தை' என்று முன்கூட்டியே நிரப்பி வைக்காதீர்கள். 'யாரைக் கூப்பிடலாம்?' என்பதோடு 'யாரைக் கூப்பிடக் கூடாது?' என்றும் ஒரு கட்டம் வையுங்கள். அடி வாங்குகிற வீட்டில் இரண்டாவது கட்டம்தான் உயிரைக் காக்கும்.

சிக்னல்_சேது:

நெட்வொர்க் பற்றி. வீடியோ அழைப்புக்கு வெப்ஆர்டிசி தொழில்நுட்பத்தைத்தான் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் ஊர் மொபைல் நெட்வொர்க்கில் பலருடைய போன் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருக்கும், அதனால் நேரடி இணைப்பு பல நேரம் கிடைக்காது. நடுவில் நின்று அழைப்பைக் கடத்தும் டர்ன் சர்வர் இல்லாமல் வெளியிடாதீர்கள். மும்பையிலோ சென்னையிலோ வையுங்கள், வலைத்தளங்கள் பயன்படுத்தும் 443 போர்ட்டில் டிஎல்எஸ் (பூட்டிய) வழியும் திறந்திருக்கட்டும். டர்ன் பாஸ்வேர்டை ஆப்புக்குள் எழுதி வைக்காமல் ஒவ்வொரு சந்திப்புக்கும் சில மணி நேரமே செல்லுபடியாகும்படி சர்வரில் உருவாக்குங்கள்.

வீடியோ 360பி, உச்சம் 500 கேபிபிஎஸ் (நொடிக்கு 500 கிலோபிட்). அதற்கு மேல் தேவையில்லை, முகம் தெரிந்தால் போதும். கணக்குப் போட்டால் 45 நிமிடத்துக்கு ஒரு பக்கம் 170 எம்பி, இரு பக்கமும் சேர்த்து 340 எம்பி. ஒலி மட்டும் என்றால் ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறை 32 கேபிபிஎஸ்ஸில், பாக்கெட் ஹெடர் எல்லாம் சேர்த்து, 30 எம்பி சுமாருக்கு முடிந்துவிடும். இந்த இரண்டு எண்ணையும் நேரம் பதிவு செய்யும் இடத்திலேயே காட்டுங்கள். மாலைக்குள் டேட்டா பேக் தீர்ந்துவிடும் வீட்டில் அவர்களே 'ஒலி மட்டும்' என்று தேர்ந்தெடுப்பார்கள்.

சிக்னல் குறைந்தால் முதலில் பலி கொடுக்க வேண்டியது படம், ஒலி இல்லை. பாக்கெட் இழப்பு (வழியில் தொலையும் தரவு) 5 சதவீதத்துக்கு மேல் பத்து நொடி நீடித்தால் வீடியோவை நிறுத்தி 'குரல் தெளிவாகக் கேட்கப் படத்தை நிறுத்தியிருக்கிறோம்' என்று சொல்லுங்கள். தொலைந்த ஒலித் துண்டை ஈடுகட்டும் ஓபஸின் எஃப்இசி வசதியை ஆன் செய்து வையுங்கள். வைஃபையிலிருந்து 4ஜிக்கு மாறும்போது அழைப்பைப் புதிதாகத் தொடங்காமல் ஐஸ் ரீஸ்டார்ட் (இணைப்புப் பாதையை மட்டும் மீண்டும் தேடுவது) செய்தால் சில நொடியில் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிடத்துக்கு மேல் வராவிட்டால் சாதாரண போன் அழைப்புக்கு மாற ஆலோசகர் பக்கம் ஒரு பட்டன், நம்பர் மறைத்து.

சாதாரண வீடியோ காலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் மௌனம். இந்தச் சந்திப்பில் ஒருவர் அரை நிமிடம் பேசாமல் இருப்பார், அதுவும் பேச்சுதான். அவர் அமைதியாக இருக்கிறாரா, லைன் போய்விட்டதா என்று ஆலோசகருக்குத் தெரியாவிட்டால் 'ஹலோ, கேக்குதா?' என்பார். அத்தோடு அந்த நிமிடம் போச்சு. எதிர்முனை உயிரோடு இருக்கிறது என்று காட்ட ஒரு சின்னப் பச்சைப் புள்ளி எப்போதும் துடிக்கட்டும். வேறு அழைப்பு வந்தால் 'வேறு கால் வந்துள்ளது' என்று தனியாகக் காட்டட்டும். நாய்ஸ் சப்ரஷனை உச்சத்தில் வைக்காதீர்கள். விசும்பலையும் மெல்லிய முணுமுணுப்பையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும்.

ஆண்ட்ராய்டு 14இல் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸுக்கு (திரை அணைந்தாலும் ஓடும் பகுதி) மைக்ரோஃபோன், கேமரா என்று வகை குறிப்பிட வேண்டும். வகையே போடாவிட்டால் ஆப் கிராஷ் ஆகும், மைக்ரோஃபோன் வகையை விட்டால் ஸ்கிரீன் அணைந்ததும் மைக் செத்துவிடும்.

மதுரை_ஆலோசகர்:

நள்ளிரவுச் செய்தி பற்றி. முதலில் சாட் பெட்டிக்கு மேலேயே, விதிமுறைப் பக்கத்தில் புதைக்காமல், எழுதுங்கள்: 'இதை ஆலோசகர் காலை 9 மணிக்குப் பிறகு பார்ப்பார். இப்போதே பேச வேண்டுமென்றால் 14416.' ஆப்பில் யாரோ விழித்திருக்கிறார்கள் என்று நம்பித்தான் அந்த நேரத்தில் எழுதுகிறார்கள். அந்த நம்பிக்கை பொய்யாகக் கூடாது.

14416 என்பது டெலி-மானஸ், 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய மத்திய அரசு உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104ம் இருக்கிறது, உடனடி ஆபத்து என்றால் 108. இந்தப் பட்டன் எல்லா ஸ்கிரீனிலும், லாகின் செய்யாத ஸ்கிரீனிலும், இருக்க வேண்டும். டேட்டா இல்லாவிட்டாலும் வேலை செய்ய வேண்டும். டயலரை நம்பரோடு திறந்துவிட்டால் போதும், அதற்குத் தனி அனுமதி எதுவும் கேட்க வேண்டியதில்லை.

சொற்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை வைத்தால் அகராதித் தமிழை நம்பாதீர்கள். 'தற்கொலை' என்று யாரும் எழுதுவதில்லை. 'போய்ச் சேர்ந்துட்டா நல்லாருக்கும்', 'இனிமே யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்', 'எல்லாத்தையும் முடிச்சிடலாம்னு தோணுது' என்று எழுதுவார்கள், அதையும் தங்கிலீஷில் எழுதுவார்கள். 'சிரிச்சே செத்துட்டேன்' என்பதும் மாட்டும். அதனால் சொல் மாட்டியதும் ஆப் தானாக வீட்டுக்குப் போன் போடக் கூடாது. உதவி எண் கார்டு வர வேண்டும், பணியில் இருக்கும் மனிதருக்கு எச்சரிக்கை போக வேண்டும், முடிவை அவர் எடுக்க வேண்டும். இரவுப் பணிக்கு ஆள் இல்லையென்றால் இரவில் சாட்டைத் திறந்து வைக்காமலிருப்பதே நேர்மை. வீட்டாருக்கு எப்போது சொல்வோம் என்பதை முதல் சந்திப்பிலேயே பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாகவே தருகிறது.

பிஎச்கியூ-9: மொத்தம் 0 முதல் 27; 5, 10, 15, 20 என்று படிகள். பலரும் மொத்தத்தை மட்டும் பார்த்து நிறம் காட்டுகிறார்கள். ஒன்பதாவது கேள்வி சாவு, தன்னைக் காயப்படுத்துவது பற்றியது. மொத்தம் வெறும் 4 என்றாலும் அந்தக் கேள்விக்குப் பூஜ்யத்தைத் தவிர வேறு எது வந்தாலும் அன்றே ஒருவர் பார்க்க வேண்டும். தமிழ் வடிவம் கிடைக்கிறது, சொற்களை மாற்றாதீர்கள், பதில்களுக்குப் பதில் எமோஜி முகம் போடாதீர்கள். 'பாதிக்கும் மேற்பட்ட நாட்கள்' என்பது சின்ன போனில் நான்கு பட்டனை ஒரே வரிசையில் வைத்தால் உடைந்து பாதி எழுத்து மறையும். பதில்களை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, வரி உயரம் 1.5க்குக் குறையாமல் வையுங்கள்.

சேது சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலின்படி, அதில் ஏ பட்டியல் என்று வகைப்படுத்திய மருந்தை முதல் சந்திப்பில் எழுத அது வீடியோ சந்திப்பாக இருக்க வேண்டும். ஆப் தானாகப் படத்தை நிறுத்திவிட்டால் மருத்துவருக்கு அது தெரிய வேண்டும், எந்த முறையில் சந்திப்பு நடந்தது என்று பதிவாகவும் வேண்டும். மருந்துச் சீட்டு எழுதும் பகுதி மனநல மருத்துவரின் லாகினில் மட்டும் இருக்கட்டும். சீட்டில் அவருடைய பதிவு எண் வர வேண்டும். மருத்துவ உளவியலாளர்களுக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணை ப்ரொஃபைலில் போடுங்கள்.

நெல்லை_டெவ்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. 'யாரைக் கூப்பிடக் கூடாது' என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு: தரம் பார்க்க சந்திப்புகளை ரெக்கார்ட் செய்து வைக்கலாமா? விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் எஸ்டிகே (ஃபேஸ்புக் தரும் கோடு தொகுப்பு) சேர்க்கச் சொல்கிறார்கள், சேர்க்கலாமா?

பூட்டு_சாவி:

இரண்டும் வேண்டாம்.

எஸ்டிகே: அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் மனநல ஆலோசனை நிறுவனம் பயனர்களின் மின்னஞ்சலையும் கேள்வித்தாள் விவரத்தையும் ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் உள்ளிட்டவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று எஃப்டிசி (அங்குள்ள வர்த்தக ஆணையம்) குற்றம் சாட்டி, 2023இல் 78 லட்சம் டாலர் கட்டச் செய்தது. 'இவர் இந்த ஆப்பைத் திறந்தார்' என்ற ஒரு வரியே மருத்துவத் தகவல்தான். விளம்பரத்தை உங்கள் வலைப்பக்கத்துக்கு ஓட்டுங்கள், ஆப்புக்குள் எதுவும் வேண்டாம். கிராஷ் ரிப்போர்ட்டையும் பாருங்கள். எர்ரர் செய்தியில் சாட் வரிகள் ஒட்டிக்கொண்டு வெளியே போகும்.

ரெக்கார்டிங்: வைத்திருக்காததைத் திருட முடியாது. பின்லாந்தின் வாஸ்டாமோ உளசிகிச்சை மையத்திலிருந்து திருடப்பட்ட குறிப்புகளை வைத்து 2020இல் நோயாளிகளையே நேரடியாக மிரட்டிப் பணம் கேட்டார்கள். ரெக்கார்டிங் வசதியை ஆஃப் செய்து வைக்காதீர்கள், கோடிலேயே இல்லாமல் விடுங்கள். ஒருவருக்கு ஒருவர் அழைப்பில் ஒலியும் படமும் போனிலிருந்து போனுக்குப் பூட்டியே போகும், டர்ன் வழியே போனாலும் அதனால் படிக்க முடியாது. நடுவில் எஸ்எஃப்யூ சர்வர் (வீடியோவை வாங்கி மற்றவருக்கு அனுப்பும் சர்வர்) வைத்தால் அந்தப் பூட்டு அங்கே திறக்கும்.

ஆலோசகர் குறிப்புகளைப் பயனர் கணக்கிலிருந்து தனி டேட்டாபேஸில், ஒவ்வொருவருக்கும் தனிச் சாவியோடு வையுங்கள். யார் எப்போது திறந்தார் என்ற லாக் அழிக்க முடியாததாக இருக்கட்டும். சாட்டில் வரும் படங்களுக்குப் பொது லிங்க் கூடாது, 5 நிமிடத்தில் காலாவதியாகும் லிங்க் போதும். மருந்துச் சீட்டு பிடிஎஃப் தானாக டவுன்லோட்ஸில் போய் விழாமல் ஆப்புக்குள்ளேயே திறக்கட்டும்.

வயது: 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18க்குக் கீழ் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது, மருத்துவ சேவைக்குச் சில விலக்குகள் உண்டு. அதை வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்யும் வரை 18+ மட்டும் எடுங்கள். ஆனால் 16 என்று போட்ட பிள்ளைக்கு 'அனுமதி இல்லை' என்ற வெற்றுத் திரையைக் காட்டி அனுப்பாதீர்கள். அந்தத் திரையில் குழந்தைகள் உதவி எண் 1098ம், 14416ம் பெரிய எழுத்தில், தட்டினால் டயலர் திறக்கும்படி இருக்கட்டும்.