ஓவியரோட சேர்ந்து துணி பிரிண்ட்: வேலையை எப்படிப் பிரிக்கிறது?

பாம்பன்ல இருந்து எழுதுறேன். துணி பிரிண்ட் டிசைன் தொழிலுக்குப் புதுசு. மண்டபத்துல ஒரு தம்பி சிங்கி இறால், நீலக்கால் நண்டெல்லாம் வாட்டர்கலர்ல வரையுறார். அதை ரிப்பீட் (துணி முழுக்க திரும்பத் திரும்ப வர்ற டிசைன்) ஆக்கி பருத்தித் துண்டுல ஸ்கிரீன் பிரிண்ட் போட ஆசை. யார் எதைச் செய்யணும்? எழுதி என்ன வாங்கணும்?

பதில் 1:
வாட்டர்கலர் அப்படியே ஸ்கிரீனுக்குச் சரிப்படாது. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் (மை இறங்குற வலைச் சட்டம்). கரைஞ்சு போற சாயலை அது சுலபமா பிடிக்காது. தம்பிகிட்ட 3 நிறத்துலயே வரையச் சொல்லுங்க. ஒவ்வொரு நிறமும் தனித் தாள்ல, கறுப்பு மையில (நிறம் அச்சடிக்கும்போது வரும்), ஒண்ணுமேல ஒண்ணு சரியா பொருத்த நாலு மூலையிலும் கூட்டல் குறியோட. 600 டிபிஐ ஸ்கேன். ரிப்பீட் அளவை அவர் பென்சில் எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. பிறகு சொன்னா நண்டோட கொடுக்கு வெட்டுப்படும். நிறம் சேருற இடத்துல ஒண்ணு இன்னொண்ணு மேல அரை மில்லிமீட்டர் ஏறட்டும், இல்லேன்னா துணி நகர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். வெளிர் நிறம் முதல்ல, அடர் நிறம் கடைசியா.

நம்ம கடல்காத்து ஈரத்துல ஸ்கிரீன்ல பூசுற எமல்ஷன் (ஒளி பட்டா இறுகுற பூச்சு) சீக்கிரம் காயாது. அரைகுறையா காஞ்சதை எக்ஸ்போஸ் பண்ணினா (ஒளி காட்டினா), கழுவும்போது படம் உரிஞ்சு வந்துடும்.

பதில் 2:
ஏற்கெனவே வரைஞ்ச படத்துக்குக் காசு கொடுத்துட்டா மட்டும் அதோட உரிமை வந்துடாது. 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். காலம் குறிக்கலைன்னா 5 வருஷம், இடம் குறிக்கலைன்னா இந்தியா மட்டும். அப்புறம், வடிவமைப்பைப் பதிவு செய்யாம 50 பிரதிக்கு மேல அச்சடிச்சா அந்த டிசைன்ல பதிப்புரிமையே போயிடும். பலரும் கோட்டை விடுறது இங்கதான்.

பதில் 3:
அதே துணியில ஒரு மாதிரி அடிச்சு, துவைச்சுப் பார்த்துட்டு மொத்தமா போடுங்க.