கம்பெனி மெயில் ஸ்பேமுக்குப் போனால் என்ன செய்தீர்கள்? அனுபவத்தைப் பகிருங்கள்

கரூர், ஜவுளி ஏற்றுமதி

ஏற்றுமதித் தொழிலில் ஒரு புரொஃபார்மா இன்வாய்ஸ் பையரின் ஸ்பேமில் போய் உட்கார்ந்தால் அட்வான்ஸ் வராது, நூலுக்கு ஆர்டர் போட முடியாது, ஷிப்மென்ட் தேதி தள்ளும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. ஜெர்மனி பையர் வாட்ஸ்அப்பில் இன்வாய்ஸ் கேட்கிறார், நாங்கள் அனுப்பியாச்சு என்கிறோம். மெயில் அவருடைய ஸ்பேமில் கிடக்கிறது.

முதலில் எங்கள் மெயிலை எங்கள் ஜிமெயிலுக்கே அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' பார்த்தோம். மெயில் உண்மையிலேயே எங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் சோதனைகளின் முடிவு அங்கே தெரியும். எஸ்பிஎஃப் பாஸ் ஆகவில்லை. டிகிம் வரியில் எங்கள் டொமைன் பெயரே இல்லை.

டிஎன்எஸ்ஸை, அதாவது எங்கள் டொமைன் பெயருக்கான பதிவுப் பட்டியலை, திறந்தால் காரணம் தெரிந்தது. எஸ்பிஎஃப் என்பது எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி உண்டு என்று ஊருக்குச் சொல்லும் ஒரு வரி. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். எங்களிடம் இரண்டு இருந்தன: பழைய ஹோஸ்டிங் கம்பெனி போட்டது ஒன்று, கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாறியபோது சேர்த்தது இன்னொன்று. இரண்டு இருந்தால் பெறுகிற சர்வர் இரண்டையுமே செல்லாது என்று தள்ளிவிடும். இரண்டையும் ஒரே வரியாக்கி, இப்போது பயன்படுத்தாத ஹோஸ்டிங்கை அதிலிருந்து எடுத்துவிட்டோம். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த வரியைச் சரிபார்க்க டிஎன்எஸ் தேடல் 10-க்கு மேல் போகக் கூடாது. கண்ட கண்ட சேவையையெல்லாம் சேர்த்துக்கொண்டே போனால் அதுவும் பெயிலாகும்.

அப்புறம் டிகிம். இது ஒவ்வொரு மெயிலிலும் விழும் டிஜிட்டல் கையெழுத்து. கூகுள் அட்மின் பக்கத்தில் 2048 பிட் கீ உருவாக்கி, அதை டிஎன்எஸ்ஸில் ஒட்ட வேண்டும். ஒட்டியதோடு வேலை முடியாது. திரும்ப அட்மின் பக்கத்துக்கு வந்து 'ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்' பட்டனை அழுத்தினால்தான் நம் டொமைன் பெயரில் கையெழுத்து விழ ஆரம்பிக்கும். கீ 255 எழுத்துக்கு மேல் நீள்வதால் சில டிஎன்எஸ் பேனல்களில் அதை இரண்டாக உடைத்துப் போட வேண்டியிருக்கும். சில பேனல்கள் டொமைன் பெயரைத் தாங்களாகவே பின்னால் ஒட்டிக்கொள்ளும். நீங்களும் முழுப் பெயரை அடித்தால் பெயர் இரண்டு முறை விழுந்து, கீயை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது டிமார்க். முதல் இரண்டும் பெயிலானால் மெயிலை என்ன செய்வது என்று பெறுகிறவருக்கு நாம் சொல்வது. இதை 'நன்' (ஒன்றும் செய்ய வேண்டாம்) என்ற நிலையில் ஆரம்பித்து, ரிப்போர்ட் வர ஒரு மெயில் முகவரி கொடுத்தோம். எங்களுக்கு அதிகம் உதவியது இந்த ரிப்போர்ட்தான். எங்கள் பெயரில் யார் யார் மெயில் அனுப்புகிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது: வெப்சைட்டின் என்கொயரி ஃபார்ம், பில்லிங் மென்பொருள், கண்காட்சிக்கு அழைப்பு அனுப்பும் நியூஸ்லெட்டர் சேவை. நியூஸ்லெட்டரில் எஸ்பிஎஃப் பாஸ், ஆனால் டிமார்க் பெயில். ஏனென்றால் பவுன்ஸ் முகவரியில், அதாவது போய்ச் சேராத மெயில் திரும்பி வரும் முகவரியில், இருந்தது அந்தச் சேவையின் டொமைன். பாஸ் ஆனது அதற்குத்தான். 'ஃப்ரம்' வரியில் தெரியும் பெயரோடு அது பொருந்தினால்தான் டிமார்க் ஏற்கும். அந்தச் சேவையின் செட்டிங்கில் எங்கள் டொமைனுக்கே டிகிம் போட்ட பிறகு சரியானது.

கோவை, வெப்சைட் பராமரிப்பு

என்கொயரி ஃபார்ம் பற்றிச் சொன்னீர்களே, என்னிடம் வரும் புகாரில் பாதி அதுதான் சார். ஃபார்மை நிரப்புகிற வாடிக்கையாளரின் முகவரியையே 'ஃப்ரம்' இடத்தில் போட்டு அனுப்பும்படி எழுதியிருப்பார்கள். யாஹூ 2014-லேயே தன் டொமைனின் டிமார்க்கில் 'ரிஜெக்ட்' (பெயிலானால் மெயிலை ஏற்காதே) வைத்துவிட்டது. அப்படியிருக்க, யாஹூ முகவரி வைத்திருப்பவர் போட்ட என்கொயரி உங்கள் இன்பாக்ஸுக்கே வராது. 'ஃப்ரம்' உங்கள் டொமைனாக இருக்கட்டும், 'ரிப்ளை டு' இடத்தில் வாடிக்கையாளர் முகவரி. சர்வரிலிருந்து நேராக அனுப்பாமல், லாகின் உள்ள எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் சேவை) வழியாக அனுப்புங்கள்.

மதுரை, சுங்குடிச் சேலை விற்பனை

மூன்றும் பாஸ், இருந்தும் ஸ்பேம். எங்கள் கதை இதுதான். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று கூகுள் விதித்தது. நாங்கள் அவ்வளவு அனுப்புவதில்லை. ஆனாலும் ஸ்பேம் புகார் எவ்வளவு என்று காட்டும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் டொமைனைச் சேர்த்துப் பார்த்தபோது, தீபாவளி ஆஃபர் அனுப்பிய நாட்களில் புகார் ஏறியிருந்தது. வருஷக்கணக்காகத் திறக்காதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். அன்சப்ஸ்கிரைப் லிங்கை அடியில் பொடி எழுத்தில் வைக்காமல் மேலே கொண்டுவந்தோம். மெதுவாகத்தான் சரியானது, ஆனால் சரியானது. ஆர்டர் கன்ஃபர்மேஷன் இப்போது தனி சப்டொமைனிலிருந்து போகிறது. ஆஃபர் மெயிலுக்கு வரும் புகாரின் பாதிப்பு அதில் குறைவு.

சென்னை, ஆடிட்டர் அலுவலகம்

கரூர் சாருக்கு ஒரு வேண்டுகோள்: 'நன்' நிலையிலேயே நின்றுவிடாதீர்கள். எங்கள் கிளையன்ட் ஒருவரின் பெயரில், அவருடைய முகவரியிலிருந்தே வந்தது போல, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடவும்" என்று பையருக்கு மெயில் போயிருந்தது. பையர் போன் செய்து கேட்டதால் பணம் தப்பியது. 'நன்' என்றால் ரிப்போர்ட் வரும், தடுப்பு எதுவும் இல்லை.

ஒரு எழுத்து மாற்றிப் பதிவு செய்த போலி டொமைனை டிமார்க் தடுக்காது என்பதையும் பையர்களிடம் சொல்லி வையுங்கள். கணக்கு எண் மாற்றம் எதுவானாலும் தெரிந்த நம்பருக்குப் போன் செய்து கேட்டால்தான் பணம் அனுப்புவது என்று இப்போது ஒப்பந்தத்திலேயே எழுதுகிறோம்.

கரூர், ஜவுளி ஏற்றுமதி

நன்றி சார். ரிப்போர்ட்டில் எங்கள் எல்லா வழிகளும் பாஸ் ஆன பிறகு 'குவாரன்டைன்' (பெயிலானால் ஸ்பேமில் போடு) வைத்துவிட்டோம். 'ரிஜெக்ட்' வைக்காமல் இருப்பதற்குக் காரணம், சில பையர்களின் ஏஜென்ட்டுகள் எங்கள் மெயிலை ஆட்டோ ஃபார்வர்ட் செய்கிறார்கள். ஃபார்வர்டில் எஸ்பிஎஃப் உடைந்துவிடும், டிகிம் பெரும்பாலும் தாங்கும். ஓர் ஏஜென்ட்டின் சர்வர் மட்டும் மெயிலின் அடியில் தன் அறிவிப்பைச் சேர்ப்பதால் டிகிமும் உடைகிறது. அதை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அது முடிந்ததும் 'ரிஜெக்ட்' தான்.