எண்பதில் நிறுத்திய சார்ஜும் பதினொன்றாவது செல்லும்

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்வாகனப் பாடம் எடுக்கிறேன். மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ இரண்டு துறைப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் வகுப்பு. மோட்டாரும் கன்ட்ரோலரும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். தடுமாறுவதெல்லாம் பேட்டரியில்தான்.

கடைசி வருட மாணவன் ஒருவன் தன் அப்பாவின் ஸ்கூட்டர் பேட்டரியை லேபுக்குத் தூக்கி வந்தான். டிஸ்பிளேயில் 30 விழுக்காடு காட்டும்போதே மேட்டில் வண்டி நின்றுவிடுகிறதாம். மொத்த பேட்டரி பேக்கையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். 16 எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள், தொடரிணைப்பு, 51.2 வோல்ட். மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்ற வைத்து, கையுறை மாட்டிய பிறகுதான் மூடியைத் திறக்க விட்டேன். இந்த விஷயத்தில் நான் யாருக்கும் இளகுவதில்லை.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 15 செல்கள் 3.27 வோல்ட்டை ஒட்டி இருந்தன. பதினொன்றாவது மட்டும் 3.19. "இவ்வளவுதானே சார், இதெல்லாம் ஒரு வித்தியாசமா?" என்றார்கள். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த இன்னொரு லித்தியம் வகை) செல்லாக இருந்தால் அது நியாயமான கேள்வி. எல்.எஃப்.பி.யில் சார்ஜ் 20-லிருந்து 80 விழுக்காட்டுக்கு ஏறினாலும் வோல்டேஜ் ஏறத்தாழ 0.1தான் மாறும்; அங்கே 0.08 என்பது பெரிய இடைவெளி. லோடு கொடுத்தோம். மற்ற செல்கள் அசையவில்லை, பதினொன்றாவது 2.9, 2.7 என்று சரிந்து 2.5-ஐத் தொட்டதும் பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகை) மொத்த பேக்கையும் துண்டித்துவிட்டது. ஒரு செல் காலியானால் பேக்கே காலி என்பதை அன்று யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அவன் அப்பாவிடம் போனில் பேசினேன். "எண்பதுக்கு மேல ஏத்தினா பேட்டரி போயிடும்னு சொன்னாங்க சார். தினமும் எண்பதுலயே பிளக்கைப் பிடுங்கிடுவேன்" என்றார். காரணம் அங்கேதான் இருந்தது. என்.எம்.சி.க்கு அது நல்ல யோசனை. ஆனால் எல்.எஃப்.பி. பேக்கில் சார்ஜ் காலியாகும்போதும் நிறையும் கட்டத்திலும்தான் செல்களுக்கு இடையே வோல்டேஜ் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்; பி.எம்.எஸ். அவற்றைச் சமன்செய்வது பெரும்பாலும் நிறையும் கட்டத்தில்தான். எண்பதிலேயே நிறுத்தினால் அந்தக் கட்டம் வருவதே இல்லை. டிஸ்பிளே கணக்கில் சேரும் பிழையும் திருத்தப்படாமல் போகும். டெஸ்லாகூட எல்.எஃப்.பி. கார்களை வாரம் ஒருமுறையாவது 100 விழுக்காடு ஏற்றச் சொல்கிறது.

லேபில் ஆள் பார்த்துக்கொள்ள, முழுசாக ஏற்றி அப்படியே விட்டோம். சமன்செய்யும் மின்னோட்டம் மில்லிஆம்பியர் கணக்குதான், அதனால் நாள்கணக்கில் இழுத்தது. பேக் பிழைத்துக்கொண்டது.

அந்த மாணவன் இப்போது என்னிடமே எம்.இ. படிக்கிறான். முழு சார்ஜ் ஏற்றாமலே, ஓட்டத்தில் வோல்டேஜ் சரியும் விதத்தை வைத்துப் பின்தங்கும் செல்லைக் கண்டுபிடிப்பது ஆய்வு. சிமுலேஷனில் அழகாக வருகிறது. நிஜ செல்லில் வெப்பநிலை குறுக்கே நிற்கிறது: குளிரில் உள்மின்தடை ஏறும், சூட்டில் இறங்கும், ஆரோக்கியமான செல்லும் காலையில் பலவீனமாகத் தெரியும். ஓடித் தேய்ந்த எல்.எஃப்.பி. பேக்குகள் உங்கள் துறையில் கிடந்தால் சொல்லுங்கள். புது செல்லை வைத்துக்கொண்டு இதற்கு மேல் நகர முடியாது.