அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டாம்

சித்தி: சென்ற ஆண்டு சித்திரையில் வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுத்த நாளிலிருந்து என்னை விடாத வலிக்குக் காரணம், போன மாதம் வேறொரு மருத்துவமனையில் மீண்டும் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது என்பதை அனைவரும் அறிவீர்கள். உள்ளே பஞ்சுத் துணியை விட்டுத் தைத்திருக்கிறார்கள். முதலில் அறுவை செய்த மருத்துவமனையிலிருந்து நேற்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். 50,000 ரூபாய் தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மாமா: வாங்கிக்கொள் அம்மா. கோர்ட்டுக்கு அலைய உன் உடம்பில் தெம்பு இல்லை.

வக்கீல் அண்ணன்: சித்தி, தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள், பிறகு அந்தத் தாளையே நமக்கு எதிராகக் காட்டுவார்கள். மாமா, நாம் போகப்போவது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு. பணம் செலுத்திப் பெறும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சாந்தா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி சித்தி குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 இலட்சத்துக்குள் இருப்பதால் மனுக் கட்டணமும் கிடையாது.

அம்மா: மருத்துவம் படிக்காத நாம் மருத்துவரின் தவறை எப்படி நிரூபிப்பது, தம்பி?

வக்கீல் அண்ணன்: பல வழக்குகளில் அதுதான் பெரிய தடை, பெரியம்மா, வேறொரு மருத்துவரின் கருத்து இல்லாமல் நகர முடியாது. ஆனால் எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தைப்பதற்கு முன் துணிகளை எண்ணிச் சரிபார்ப்பது அறுவை அரங்கின் அடிப்படைக் கடமை. வயிற்றுக்குள் கிடந்த துணி தானே பேசும். இரண்டாவது மருத்துவமனையின் அறுவைக் குறிப்பு, ஸ்கேன் படங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். முதல் மருத்துவமனையிடம் சிகிச்சை ஆவணங்களை எழுத்து மூலம் கேட்போம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி.

சித்தி: உடம்பு தேறட்டும், தை பிறந்த பிறகு பார்க்கலாமா?

வக்கீல் அண்ணன்: தள்ளிப்போட வேண்டாம், சித்தி. கோவாவில் செவிலியராக இருந்த ஒரு பெண்ணுக்கு 1993இல் இதே பித்தப்பை அறுவையில் துணியை விட்டுவிட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் வலியோடு இருந்து, 2002இல்தான் அது வெளியே எடுக்கப்பட்டது. 2004இல் புகார் கொடுத்தார். அவ்வளவு காலம் வலி இருந்தும் அறுவை செய்த மருத்துவரை அணுகவில்லை என்று சொல்லி, 2010இல் உச்ச நீதிமன்றம் அந்தப் புகார் காலங்கடந்தது எனத் தள்ளுபடி செய்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. சட்டம் தரும் அவகாசம் இரண்டு ஆண்டு. துணி வெளிவந்த நாளிலிருந்து அதை எண்ண வேண்டும் என்று நாம் வாதிடலாம். ஆனாலும் முதல் அறுவையிலிருந்தே எண்ணினாலும் கெடு தாண்டாத நாளுக்குள் மனு உள்ளே போய்விட வேண்டும்.

அம்மா: எவ்வளவு கேட்கலாம்?

வக்கீல் அண்ணன்: இரண்டாவது அறுவையின் செலவு, தையல் வேலை நின்றுபோன மாதங்களின் வருமானம், உடனிருந்து பார்த்துக்கொண்டவரின் செலவு, பட்ட வேதனை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்போம். ஒவ்வொன்றுக்கும் தாள் வேண்டும்.

சித்தி: வலிக்கிறது என்று நான்கு முறை போய்ச் சொன்னேன், மனப்பிரமை என்று திருப்பி அனுப்பினார்கள். அது பிரமை இல்லை என்று ஒருவர் எழுதித் தர வேண்டும், அதுதான் எனக்குப் பெரிது.

வக்கீல் அண்ணன்: அந்த நான்கு முறையும் கொடுத்த புறநோயாளிச் சீட்டுகள் இருக்கின்றனவா, சித்தி? அவற்றைப் போல வலுவான சான்று வேறில்லை.

மாமா: நான்தான் கூட்டிப்போனேன், சீட்டும் ரசீதும் என் பீரோவில் இருக்கின்றன. மாலை கொண்டுவருகிறேன். அந்த ஆள் மறுபடி வந்தால் என்னிடம் அனுப்பு, அம்மா.