வீதித் திட்டங்களும் கலந்தாலோசனையும்: கனடாவின் பழங்குடிக் கொள்கையில் நம் தோட்டங்களுக்கு ஏதேனும் உண்டா?

கொட்டகலை மாணவி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வீதி, புகையிரதப் பாதை போன்ற போக்குவரத்துத் திட்டங்களுக்கு முன்னர் பழங்குடி மக்களைக் கலந்தாலோசிக்கும் கனடிய அரசின் கொள்கையைப் பற்றி, பொது நிர்வாகப் பாடநெறிக்காக ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். 1982ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் 35ஆம் பிரிவில் பழங்குடி உரிமைகளை அங்கீகரித்திருப்பதும், 2004இல் ஹைடா என்ற பழங்குடியினர் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் கலந்தாலோசனையை அரசின் கடமையாக்கியதும் எனக்கு விளங்குகின்றன. நம் இலங்கையோடு ஒப்பிட வேண்டிய அத்தியாயத்தில்தான் தடுமாறுகிறேன். தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழர் பழங்குடியினர் அல்லர். ஆகவே ஒப்பீடே பொருந்தாது என்கிறார் விரிவுரையாளர்.

ஆனால் சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்து வீதியை அகலப்படுத்த வந்த அளவையாளர்கள், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துச் சுவரில் சிவப்பு மையால் இலக்கமிட்டுச் சென்றார்கள். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வந்திருந்தது. அந்த லயத்தின் எட்டுக் குடும்பங்களும் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய்க் கேட்ட பிறகே விடயத்தை அறிந்துகொண்டன. இதற்கும் கனடாவின் கொள்கைக்கும் தொடர்பே இல்லையா?

ஓய்வுபெற்ற காணி உத்தியோகத்தர், நுவரெலியா:

மகளே, கடிதம் காரியாலயத்துக்குப் போனதில் எனக்கு வியப்பில்லை. தோட்டக் காணிகள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு அரசின் கைக்கு வந்து, 1992இலிருந்து கம்பனிகளின் முகாமைக்குப் போனவை. ஏட்டில் உரிமையாளர் என்று ஓர் அரச நிறுவனமும் குத்தகைக்காரர் என்று ஒரு கம்பனியும் இருப்பார்கள்; நான்கு தலைமுறையாக அங்கே குடியிருப்பவரின் பெயர் எந்தப் பத்தியிலும் இராது. 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் காணியில் உரித்துடையவரைத் தேடிச் செல்வது. காணி உறுதிப் பத்திரம் இல்லாதவரைக் கண்டுகொள்ளும் பார்வை அதற்கு மிகக் குறைவு.

அந்தக் குறையை நிரப்பவே 2001இல் கட்டாய மீள்குடியேற்றத்துக்கான தேசியக் கொள்கை வந்தது. ஆவணமுள்ள காணி உரிமை இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்று அது தெளிவாகவே கூறுகிறது. ஆனால் முழுமையான மீள்குடியேற்றத் திட்டத்தை அது கேட்பது இருபது குடும்பங்களிலிருந்துதான். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கும் எல்லைகள் உண்டு: வீதியானால் பத்துக் கிலோமீற்றருக்கு மேல், குடிபெயர்ப்பானால் நூறு குடும்பங்களுக்கு மேல். அந்த எல்லையைத் தாண்டிய திட்டத்துக்கு முழு மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட்டால், வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, மக்கள் கருத்துக்கு முப்பது நாள் கொடுக்க வேண்டும். உங்கள் வீதி பத்துக் கிலோமீற்றருக்குக் குறைவாயின், எட்டுக் குடும்பம் என்பது எந்த வலையிலும் அகப்படாத சிறு மீன்.

சட்டத்தரணி, பதுளை:

ஐயா சொன்ன அந்தச் சிறு மீனைப் பற்றித்தான் நானும் எழுத வந்தேன். கனடாவில் மிகிசூ கிறீ என்ற பழங்குடியினர் தொடுத்த வழக்கைத் தங்கை கட்டாயம் வாசிக்க வேண்டும். 2005இல் தீர்க்கப்பட்ட அது ஒரு வீதி வழக்கு. வூட் பஃபலோ தேசியப் பூங்காவுக்குள் ஏறத்தாழ 118 கிலோமீற்றர் நீளமான குளிர்காலப் பாதை ஒன்றை அரசு அனுமதித்தது. முதலில் மிகிசூ மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலமான ஒதுக்கிடத்தின் ஊடாகச் செல்லவிருந்த பாதை, அவர்கள் எதிர்த்ததும் ஒதுக்கிடத்தின் எல்லையோரமாக நகர்த்தப்பட்டது; அந்த நகர்த்தல் கூட அவர்களுடன் பேசாமலே செய்யப்பட்டது. பொதுமக்களுக்குத் திறந்த கூட்டங்களை நடத்தினோம், எல்லோருக்கும் கொடுத்த தகவல் தாளையே அவர்களுக்கும் கொடுத்தோம் என்று வாதிட்டது அரசு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

கவனிக்க வேண்டியது இதுதான். அது சிறிய பாதை, நிலமோ பழங்குடிகள் அரசுடன் செய்துகொண்ட 1899ஆம் ஆண்டின் எட்டாம் உடன்படிக்கையில் ஒப்படைக்கப்பட்ட நிலம்; எனவே தேவையான கலந்தாலோசனை அளவுகோலின் கீழ்ப்படியிலேயே இருக்கிறது என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அந்தக் கீழ்ப்படிக்குக் கூட நேரடியான அறிவித்தலும், தகவலும், அவர்களது கவலையைக் கேட்டுப் பாதிப்பைக் குறைக்கும் முயற்சியும் வேண்டும் என்றது. பாதிக்கப்படக்கூடிய பொறிவேட்டைக் குடும்பங்கள் ஏறத்தாழ பதினான்கு மட்டுமே. அங்கே திட்டம் சிறியதானால் கடமையின் ஆழம் குறையும். இங்கே எண்ணிக்கை குறைந்தால் கடமையே மறைந்துவிடுகிறது. உங்கள் ஒப்பீட்டை இந்த இடத்தில் ஊன்றலாம்.

விரிவுரையாளர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 35ஆம் பிரிவு பழங்குடிகளுக்கு மட்டுமே உரியது. நம்மை அந்தச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம். இலங்கையில் அது வேடர் சமூகத்துக்கு உரிய சொல். மகியங்கனைக்கு அப்பால் தம்பானையில் வாழ்பவர்களின் வேட்டை நிலங்கள் 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவுக்குள் போனதை அதே கட்டுரையில் எழுதினால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். தோட்ட மக்களுக்கு ஹைடா தீர்ப்பிலிருந்து எடுக்கத்தக்கது வேறு: உரிமை இன்னும் நிரூபிக்கப்படாவிட்டாலும், அப்படியொரு கோரிக்கை இருப்பதை அரசு அறிந்திருந்தால் கடமை தொடங்கிவிடுகிறது. உறுதி இல்லை என்பதற்காக ஆளே இல்லை என்று பாவனை செய்ய முடியாது. அந்தக் கடமை திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அன்று என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.

உள்ளூர் முன்மாதிரியும் உண்டு. தெற்கு அதிவேகப் பாதையின் தடம் மாற்றப்பட்டபோது தம்மைக் கேட்கவில்லை என்று முறையிட்ட காணி உரிமையாளர்களுக்கு, 2004இல் நமது உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது. தடம் மாறவில்லை. அவர்களிடம் காணி உறுதி இருந்தது என்பது வேறு கதை.

பொகவந்தலாவை வாசகி:

கூட்டம் வைத்தால் மட்டும் என்ன நடக்கும் என்று நான் பார்த்தவள். எங்கள் பகுதியில் ஒரு வீதிக்காகக் கூட்டிய கூட்டம் வேலைநாளில் காலை பத்து மணிக்கு நடந்தது. கொழுந்து மலையை விட்டு இறங்கினால் அன்றைய கூலிக்கான பேர் விழாது. ஆகவே பெண்கள் ஒருவரும் போகவில்லை. போன சில ஆண்களும் சிங்களத்தில் நடந்த விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வரவுப் பதிவில் கையெழுத்திட்டுத் திரும்பினார்கள். பின்னர் அந்தக் கையெழுத்துகளே சம்மதம் என்று எண்ணப்பட்டன. கனடாவில் இந்தக் கூட்டத்தை எப்படி எண்ணியிருப்பார்கள் என்று அறிய ஆவல்.

சட்டத்தரணி, பதுளை:

சகோதரி, 2018இல் ட்ரான்ஸ் மவுண்டன் எண்ணெய்க் குழாய் விரிவாக்கத்துக்கான அனுமதியை அங்குள்ள கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்ததற்கு ஒரு காரணம், அரசின் குழுவினர் பழங்குடி மக்கள் சொன்னதைக் குறிப்பெடுத்து மேலே அனுப்பியதோடு நின்றுவிட்டார்கள் என்பதே. உங்கள் கூட்டத்தில் குறிப்புக்கூட எடுத்ததாகத் தெரியவில்லை.

கொட்டகலை மாணவி:

மிக்க நன்றி. ஒப்பீட்டை எண்ணிக்கை எல்லைகளின் மேல் அமைத்து அத்தியாயத்தை மீண்டும் எழுதுகிறேன். எங்கள் லயத்தைப் பற்றி இனி என்ன செய்யலாம் என்றும் சொல்ல முடியுமா?

ஓய்வுபெற்ற காணி உத்தியோகத்தர், நுவரெலியா:

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். வீதியின் நீளம், அளவைப் படம், பாதிக்கப்படுவோர் பட்டியல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். பட்டியலில் எட்டுக் குடும்பங்களின் பெயர்கள் இருக்கின்றனவா, தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழிலேயே கேளுங்கள்.