தரையில் நன்றாக ஓடும் எஞ்சின், ஏறும்போது ஏன் நிற்கிறது?

வானம்பாடி: வீட்டில் கட்டும் தாழ்இறக்கை விமானம், ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சின். தரையில் முழு த்ராட்டிலில் ஓட்டிப் பார்த்தால் எரிபொருள் சோதனை முடிந்ததாகுமா?

சுழலி: ஆகாது. மூக்கைத் தூக்கி, ஏறும் கோணத்தைவிட 5 டிகிரி கூடுதலாக நிறுத்துங்கள். டேங்கில் குறைந்த அளவு பெட்ரோல் போதும். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, மின்பம்ப்பை ஓட்டி, அளவுக் கேனில் பிடியுங்கள். முழு சக்தியில் இந்த எஞ்சின் குடிப்பது மணிக்குச் சுமார் 27 லிட்டர். பம்ப் இருந்தால் அதில் 125 சதவீதம் வரவேண்டும்; அதாவது 1 லிட்டர் நிரம்ப 106 நொடிக்கு மேல் ஆகக்கூடாது. புவியீர்ப்பில் மட்டும் இறங்கினால் 150 சதவீதம். கேனுக்கும் விமானத்துக்கும் எர்த் கம்பி கட்டாயம், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில்.

மேகலை: அளவு குறைந்தால் முதலில் டேங்க் காற்றுத்துளையைப் பாருங்கள், பூச்சி கூடு கட்டியிருக்கும். அடுத்து, இணைப்புகளில் சுற்றிய டெஃப்லான் டேப். துணுக்கு பிய்ந்து ஃபில்டரை அடைக்கும். சோதனையில் சரியாக வந்தும் வெயிலில் திணறினால், சைலன்சர் பக்கம் போகும் குழாயில் பெட்ரோல் ஆவியாகிறது. வெப்ப உறை போடுங்கள், ஆவியை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் குழாயையும் பொருத்தத் தவறாதீர்கள்.

சுழலி: டேங்க் மாற்றும் வால்வு எங்கே என்பதும் முக்கியம். 1997இல் அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் விபத்தில் இறந்த லாங்-ஈஸி என்ற வீட்டில் கட்டிய விமானத்தில் அது விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அந்த விமானத்தின் வடிவமைப்பு வரைபடத்தில் அப்படி இல்லை. பெல்ட் போட்டபடி, தலையைத் திருப்பாமல் எட்டும் இடத்தில் வையுங்கள்.