ஹராம்: விலக்கா, தடையா, கடிந்ததா?

சட்ட ஆசிரியை, மதுரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தமிழ்வழியில் சட்டம் படிக்கும் மாணவர்களுக்காக முஸ்லிம் தனிநபர் சட்டக் குறிப்பேடு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். சொற்பட்டியலில், இஸ்லாமியச் சட்டத்தில் அறவே கூடாததைக் குறிக்கும் ‘ஹராம்’ என்ற அரபுச்சொல் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இதுவரை ‘விலக்கப்பட்டது’ என்று எழுதிவந்தோம். ‘விலக்கப்பட்ட உறவு’ என்று கரும்பலகையில் எழுதினால், தலாக் சொல்லப்பட்ட மனைவி என்று வகுப்பில் பாதிப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, அடுத்த பக்கத்திலேயே தலாக்குக்கு ‘மணவிலக்கு’ என்று போட்டிருக்கிறோம். நான் சொல்ல வந்ததோ தாய், மகள், சகோதரி, பால் கொடுத்த செவிலி என்று மணம் முடிக்கவே கூடாத உறவுகளை. மீறி முடித்தால் அந்த மணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது.

மதுவிலக்கு என்றால் குடிக்கக் கூடாது. வரிவிலக்கு என்றால் கட்ட வேண்டாம். மணவிலக்கு என்றால் பிரிவு. இத்தனை வேலை பார்க்கும் சொல்லின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றலாமா? உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், மேலூர்

அம்மா, ‘தடைசெய்யப்பட்டது’ என்று போடுங்கள். பேப்பர் படிக்கிற யாருக்கும் புரியும். ‘தடைசெய்யப்பட்ட உறவுமுறை’ சட்டத் தமிழில் ஏற்கெனவே புழங்குகிற தொடர்தான்.

சட்ட ஆசிரியை, மதுரை

உறவுமுறைக்குச் சரி, ஐயா. ஹராம் முழுவதற்கும் ஒத்துவராது. தடை என்றதும் மாணவர் தேடுவது அரசாணையையும் தண்டனைப் பிரிவையும். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் திருமணம், மணவிலக்கு, ஜீவனாம்சம், மணப்பெண்ணுக்குரிய மஹர், கொடை, வக்ஃபு என்று குடும்பமும் சொத்தும் சார்ந்தவற்றைத்தான் எடுத்துக்கொள்கிறது. பன்றி இறைச்சியும் வட்டியும் ஹராம். அதற்காக இங்கே எந்த நீதிமன்றமும் ஒருவருக்குச் சம்மன் அனுப்பாது. அந்த விதி நம்புகிறவருக்கும் இறைவனுக்கும் நடுவே இருப்பது. ‘தடை’ என்று எழுதினால் அரசை உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தது மாதிரி ஆகிவிடும்.

வணிகர், நெல்பேட்டை

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் அத்தா கறிக்கடை வைத்திருந்தார். அறுத்த ஆட்டில் இரத்தம் முழுக்க வடிகிறவரை யாரையும் தோலில் கைவைக்க விடமாட்டார், ‘வடிகிற இரத்தம் ஹராம்’ என்பார். பிறகு பித்தப்பை, மூத்திரப்பை, விதை, கழலை என்று ஒவ்வொன்றாகக் கத்தி நுனியால் எடுத்துத் தனியே வைப்பார். ‘இதெல்லாம் மக்ரூஹ் தஹ்ரீமி, ஹராமுக்குப் பக்கத்து வீடு’ என்பார். ராவுத்தர்கள் நாங்கள் ஹனஃபி மத்ஹப், அதாவது அந்தச் சட்டப் பிரிவு. அதில் மக்ரூஹிலேயே, அதாவது வெறுக்கத்தக்கதிலேயே, இரண்டு தரம் உண்டு. நீங்கள் ‘விலக்கப்பட்டது’ என்று எழுதினால் இரத்தமும் பித்தப்பையும் ஒரே கூடையில் விழும். கட்டாயம், நல்லது, செய்யலாம், வெறுக்கத்தக்கது, கூடவே கூடாது என்ற படிநிலையில் கடைசிப் படிக்கு மட்டுமே உரிய பெயர் ஹராம். அந்த இறுக்கம் தளரக் கூடாது.

இன்னொன்று. மக்காவில் இருக்கும் பள்ளிக்கு மஸ்ஜிதுல் ஹராம் என்று பெயர். அதே சொல், அதே நெடில். அதை ‘விலக்கப்பட்ட பள்ளி’ என்று எழுதுவீர்களா? அங்கே வேட்டையாடக் கூடாது, இரத்தம் சிந்தக் கூடாது, அதனால் அது ஹராம். ஹஜ்ஜுக்கு இஹ்ராம் உடை கட்டியவர் நறுமணம் பூசக் கூடாது, நகம் வெட்டக் கூடாது. முஹர்ரம் மாதம், மணம் முடிக்கக் கூடாத மஹ்ரம் உறவு, எல்லாம் ஒரே வேர். தொடக் கூடாது என்பதும் மதிக்க வேண்டும் என்பதும் அந்த வேருக்குள் ஒன்றாகவே இருக்கின்றன.

உருது, துருக்கி, மலாய் மூன்றிலும் இந்தச் சொல் அப்படியே நிற்கிறது. சுவாஹிலியில் கடைசியில் ஓர் உகரம் சேர்ந்து ‘ஹராமு’. துருக்கி வழியாகப் போன ‘ஹரேம்’ ஐரோப்பியர் வாயில் அந்தப்புரம் ஆகிவிட்டது. உருதுவின் ‘ஹராமி’ வசைச்சொல். சுவாஹிலியில் கொள்ளைக்காரனுக்கு ‘ஹராமியா’. இவ்வளவு அலைந்த பிறகும் மார்க்கச் சட்டத்தில் அது தன் இடத்தை விடவில்லை. தமிழிலும் விட வேண்டாம்.

தமிழாசிரியர், உசிலம்பட்டி

பாய் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. மறுபாதிக்கு அவர் சமூகமே பதில் வைத்திருக்கிறது. நமாஸுக்குத் தொழுகை, ரோஜாவுக்கு நோன்பு, ஈதுக்குப் பெருநாள், மசூதிக்குப் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்கள் ஆண்டது இப்படிப்பட்ட தமிழ். ஹலாலை ‘ஆகுமானது’ என்று எழுதியவர்களும் அவர்களே. ஹராமுக்கு மட்டும் ஏன் கை கட்டி நிற்க வேண்டும்?

குறளுக்கு உரை எழுதப் புகுந்த பரிமேலழகர் அறத்துக்கு இலக்கணம் சொல்லும்போது ‘விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும்’ என்கிறார். ஆகவே விலக்கு பிழையான சொல் அல்ல, நாம் தேய்த்துவிட்ட சொல். அது வேண்டாம் என்றால் அதைவிடப் பழையது ஒன்று இருக்கிறது. ‘கடிந்த கடிந்தொரார் செய்தார்க்கு அவைதாம் முடிந்தாலும் பீழை தரும்’. கடிந்தவை என்றால் நூலோர் விலக்கிய செயல்கள். தொல்காப்பிய உரியியலில் ‘கடி’க்குப் பத்துப் பொருள் வருகிறது. வரைவு (அதாவது விலக்கல்), காப்பு, சிறப்பு, அச்சம் நான்கும் அதில் உண்டு. மன்னனின் கடிமரத்தை நினையுங்கள். அது காவலில் இருக்கிற மரம், போற்றப்படுகிற மரம், அயலான் கைவைக்கக் கூடாத மரம். பாய் கேட்ட இரண்டு முகமும் இந்த ஓரசைக்குள் இருக்கின்றன. ஹராம் = கடிந்தது. மஸ்ஜிதுல் ஹராம் = கடிப்பள்ளி.

மேலும், அரபியின் ‘ஹரம்’ காவலுள்ள இடம். நம் ‘அரண்’ என்பதும் காவலுள்ள இடம். மகரமும் னகரமும் தமிழில் மயங்கும், நிலம் நிலன் ஆகும். பாண்டியர் முத்து ஏறிய கப்பலில் சொல்லும் ஏறியிருக்கலாம் அல்லவா?

மொழிபெயர்ப்பாளர், மேலூர்

ஐயா, நிலன் றன்னகரம், அரண் டண்ணகரம். அங்கேயே கப்பல் தரைதட்டுகிறது. எபிரேயத்தில் இதே வேரில் ‘ஹேரெம்’ இருக்கிறது. கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்டதால் மனிதர் தொடக் கூடாதது என்று பொருள். செமித்திய மொழிகளுக்குள்ளேயே குடும்பம் சகிதம் வாழ்கிற சொல்லுக்கு நாம் பிறப்புச் சான்றிதழ் எழுத வேண்டியதில்லை.

கடிமரம் அருமையான சான்று, மனதாரச் சொல்கிறேன். ஆனால் இன்றைய மாணவனுக்குக் கடி என்றால் நாய்க்கடி. ‘வட்டி கடிந்தது’ என்று தேர்வில் எழுதினால் திருத்துபவர் அடிக்கோடு போடுவார். உரையாசிரியர் துணையில்லாமல் புரியாத சொல் பாடநூலுக்கு உதவாது.

நூலகர், மதுரை

ஒரு செய்தி மட்டும். முழுமையாகக் கிடைத்திருக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மிகப் பழையது ஆயிரமசலா. 1572இல் இதே மதுரையில் அரங்கேறியது. மசலா என்றால் அரபியில் வினா. நூல் முழுவதும் தமிழ்ச் செய்யுள், தலைப்பில் மட்டும் அரபுச்சொல் கூசாமல் நிற்கிறது. நானூறு ஆண்டுக்கு முந்தைய மதுரைப் புலவருக்கு இருந்த துணிவு நமக்கும் இருக்கட்டும். எழுத்துதான் உறுத்துகிறது என்றால் வடவெழுத்தை நீக்கி எழுதும்படி தொல்காப்பியர் வடசொல்லுக்குச் சொன்ன விதியை இதற்கும் நீட்டி ‘அராம்’ என்று எழுதலாமே.

வணிகர், நெல்பேட்டை

பேச்சில் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அராம் என்றுதான் சொல்வார்கள். எழுத்தில் வேண்டாம். ஹஜ், ஹதீஸ், ஹலால் மூன்றையும் ஹகரம் போட்டு எழுதிவிட்டு இதை மட்டும் மொட்டையாக விட்டால் அகரவரிசையில் எங்கே தேடுவது?

சட்ட ஆசிரியை, மதுரை

அனைவருக்கும் நன்றி. வியாழன் இரவு ஆகிவிட்டது, இனி முடிவெடுத்தே ஆக வேண்டும். எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘ஹராம் என்றே இருக்கட்டும்’ என்ற இடத்துக்கு வந்துவிட்டீர்கள், சிலர் அலுத்துப்போய். பட்டியலில் ‘ஹராம்’ தலைச்சொல். விளக்கம்: ‘இறைக்கட்டளையால் அறவே கூடாதென ஆக்கப்பட்டது’. மஹ்ரமுக்கு ‘மணம் முடிக்கக் கூடாத உறவு’. தடை என்ற சொல்லை நீதிமன்றம் தலையிடும் இடங்களில் மட்டும் வைத்திருக்கிறேன். ‘விலக்கு’ இனி தலாக் இயலுக்கு மட்டுமே.

தமிழாசிரியர், உசிலம்பட்டி

அச்சுக்குப் போகட்டும், குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். புரியாது என்று ஒதுக்கினால் எந்தச் சொல்லும் புரியும் நாள் வராது. பேருந்து, வானொலி எல்லாம் முதல் நாளில் யாருக்குப் புரிந்தது? அடிக்குறிப்பில் ‘கடிந்தது (குறள் 658)’ என்று ஒரு வரி சேர்க்க இடம் இருக்குமா, அம்மா?

வணிகர், நெல்பேட்டை

அடிக்குறிப்பு போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கடிப்பள்ளி மட்டும் வேண்டாம். மெய்ப்புப் பார்க்கிறவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: ‘மக்ரூஹ்’ என்பதன் கடைசி ஹகரத்தை எழுத்துப்பிழை என்று எடுத்துவிடப் போகிறார்.